வாளி இல்லாத குளியல்

ஆகஸ்ட் 9

அன்புள்ள ஸ்பேனருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். கீழே என் தையல் கடையும் நடக்கிறது, பக்கத்தில் உன் அத்தானின் கண்ணாடிக் கடையும் நடக்கிறது. ஊரில் உள்ளவர்கள் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு, தன் கண்ணாடியைக் காணோம் என்று அவர் தேடுவதும் வழக்கம்போல் நடக்கிறது. மலையைக் குடைகிற இடத்தில் நீ எப்படி இருக்கிறாய்? உங்கள் முகாமுக்குப் போன் சிக்னல் வரும் வரும் என்றார்கள். வருகிற பாடாகத் தெரியவில்லை. சாமான் லாரியில் வருகிற கடிதம்தான் கதி.

விஷயம் இதுதான். மாடிக் குளியலறைக்கு ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கியிருக்கிறோம். குளியலறைக்கு வெளியே, பின்பக்கப் பால்கனிச் சுவரில் மாட்டியாகிவிட்டது. ஷவரைத் திறந்தால் அது டிக் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். தீ பிடிக்கவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டால், "மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லம்மா, உங்க வீட்டுத் தண்ணிக்குத்தான் வேகம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் வீட்டு மாடியில் தண்ணீர் எப்போதும் சோம்பேறிதான், உனக்கே தெரியும். பழகிப்போய்விட்டது.

குளிர் தொடங்குவதற்குள் இது வேலை செய்தாக வேண்டும். இனிமேல் நான் வாளியில் வெந்நீர் சுமக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்காதே. வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள். மெக்கானிக் தம்பியை வைத்துக்கொண்டு நான் ஏன் ஊரெல்லாம் கெஞ்ச வேண்டும்? வழி சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். சுரங்கம் தோண்டுகிற ராட்சத இயந்திரம் வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்கிறது, நான் தட்டி எழுப்புகிறேன். அதற்கு நான்தான் டாக்டர்.

இத்தனை வருஷம் அடுப்பில் வெந்நீர் போட்டு ஒரே மூச்சில் வாளியைத் தூக்கிக்கொண்டு போன ஆளுக்கு, இப்போது ஷவர் கேட்கிறதா? என்ன மகாராணி, எப்போது பட்டம் சூட்டினார்கள்? சரி, கேட்டுவிட்டாய். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

கேட்டுக்கொள். தண்ணீர் ஓரளவு வேகத்தோடு உள்ளே வந்தால்தான் ஹீட்டர் தனக்குள் கேஸைத் திறக்கும். வேகம் இல்லையென்றால் டிக் டிக்தான். அதனால் முதலில் ஷவர்த் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடு. உப்பு படிந்து துளையெல்லாம் அடைத்திருக்கும். அடுத்தது, ஹீட்டருக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அதைக் கழற்றிப் பார். துருவும் மண்ணும் அப்பிக்கிடக்கும், பழைய பல் பிரஷ் போட்டுத் தேய். கடைசியாக, வழியில் இருக்கிற வால்வு எல்லாம் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார். அத்தான் எதையும் பாதி திறக்கிற ஆள். கதவைக்கூட அப்படித்தான் திறப்பார்.

இதைச் செய். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போடு.

தம்பி

*

செப்டம்பர் 6

அன்புள்ள அதிமேதாவிக்கு,

நாங்கள் சுகம். நீயும் கல்லுக்குண்டு மாதிரியே இரு.

ஷவர்த் தலையை ஊறப்போட்டேன், துளையெல்லாம் திறந்துகொண்டது. வால்வுகளை முழுக்கத் திறந்தாயிற்று. உன் அத்தான் எல்லாவற்றையும் முழுக்கத்தான் திறந்து வைத்திருந்தார், பாவம், அநியாயமாகப் பழி போட்டுவிட்டாய். சல்லடையையும் கழற்றிப் பார்த்தோம். துருவும் மண்ணும் அப்பிக்கிடக்கும் என்றாயே, அது கடையில் வாங்கிய அன்று மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு தூசு கிடையாது. உன் மூஞ்சியில் கரி.

எல்லாம் மாட்டித் திறந்தால் மறுபடி டிக் டிக் டிக். ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்தால் ஒரு நொடி தீ பிடித்தது. நான் கை தட்டினேன். அணைந்துவிட்டது. உன் அத்தான், "நீ கை தட்டினதாலதான் அணைஞ்சுபோச்சு" என்கிறார்.

கிண்டல் போதும் தம்பி. எனக்கு இது வேண்டும். அக்டோபருக்குள் வேண்டும். யோசித்து எழுது.

அக்கா

*

செப்டம்பர் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியதே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் அக்கா தபால் பெட்டிப் பக்கம் போகாத நேரமாகப் பார்த்து இதைப் போடுகிறேன்.

அவளுக்கு வலது மார்பில் கட்டி. ஜூலையில் கண்டுபிடித்தோம். நல்ல கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. அக்டோபர் முதல் வாரம் அறுவை சிகிச்சை, அந்தப் பக்கத்தை முழுக்க எடுத்துவிடுவார்கள். சீக்கிரமே கண்டுபிடித்ததால் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் தைரியமாகச் சொல்கிறார். நானும் தைரியமாக இருப்பதாக நடித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவன் வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான். வந்து அழுவான். அவனத் தேத்தறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க" என்கிறாள்.

இந்த ஹீட்டர் விவகாரம் அதனால்தான். தையல் பிரித்தபிறகு குளிக்கலாம், ஆனால் ரொம்ப நாளைக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது. நர்ஸ், "யாராவது பக்கத்துல நின்னு குளிப்பாட்டி விடுங்க" என்றார். இவள் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், "மொதல் தடவ அதை நான் தனியாத்தான் பாக்கணும். நீங்ககூட வேணாம்." நான் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வாளித் தண்ணி தீந்துரும். தீந்ததும் இன்னும் வேணுமான்னு கதவத் தட்டுவீங்க. எனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்" என்றாள்.

இதை நான் எழுதியது அவளுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் கிண்டலாகவே எழுதுங்கள். ஆனால் அந்தத் தண்ணீரை மட்டும் எப்படியாவது வரவைத்துவிடுங்கள்.

அத்தான்

*

செப்டம்பர் 22

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இயந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். மெக்கானிக் இயந்திரத்துக்கு அடியில் படுத்தால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். வாளியைப் பற்றி நான் எழுதிய கிண்டலை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. நீங்கள் எழுதியது நல்லது. என்னிடமிருந்து விஷயம் வெளியே போகாது.

இனி வேலையைப் பார்ப்போம். அக்கா அந்தச் சல்லடை பளபளவென்று இருந்தது என்று எழுதியிருந்தாள். அது என்னை உறுத்துகிறது. அது எப்படிப் பளபளவென்று இருக்கும்? முன்பு லீவில் வந்தபோது உங்கள் மாடித் தண்ணீரில் துவைத்து என் வெள்ளைச் சட்டையில் துருப் புள்ளி விழுந்தது. அதே தொட்டி, அதே பைப். அந்தத் துரு எங்கே போயிற்று? சல்லடைக்கு வருவதற்கு முன்பே வழியில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துருவைப் பிடிக்கிற அதே பொருள்தான் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. தொட்டிக்குள் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஏணி என்றாலே தலை சுற்றும் என்று தெரியும். யாரையாவது ஏறச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை

*

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உடம்பு நன்றாக இருக்கிறதா?

உன் கடிதத்தை நன்றாக யோசித்துப் பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டிக்குள் ஏதோ அடைப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்தாலும் பாதி வேகம்தான் கிடைக்கும், ஏனென்றால் தொட்டி உங்கள் குளியலறைக்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் விழுகிற உயரம்தான் அதன் பலம். அதனால் ஹீட்டருக்கு முன்னால் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் வைத்துவிடலாம். ஷவரைத் திறந்ததும் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். நீ எதையும் தூக்கவோ இழுக்கவோ வேண்டியிருக்காது. நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

வேலையைக் குறைத்துக்கொள். ஓய்வெடு. உடம்பைப் பார்த்துக்கொள். உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புத் தம்பி

*

செப்டம்பர் 30

அடேய் ஸ்பேனர்,

முதலில் தண்ணீர்க் கதை, பிறகு உன் கதை.

உன் அத்தான் மொட்டைமாடி ஏணியில் ஏறினார். ஆமாம், அவரேதான். பிளம்பரைக் கூப்பிடுகிறேன் என்றேன், "வேணாம், நானே பாக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். ஒவ்வொரு படிக்கும் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறங்க, படி தெரியாதுல்ல" என்று நான் கீழே நின்று கத்த, "தொறந்தா தரை தெரியுது" என்று அவர் மேலேயிருந்து கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே போய்த் தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டு எதையோ பிய்த்து எடுத்துக் கீழே போட்டார். தொப்பென்று விழுந்தது. பாசி பிடித்து, துரு ஏறி, தண்ணீரில் ஊறின ஒரு சுருக்குப் பை.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். லைனிங் துணி, இரண்டு மடிப்பு, ஓரத்தில் நூல் பிரியாதபடி ஓவர்லாக் தையல். இந்த ஊரில் கேவலம் தண்ணீர்ப் பைப்புக்கு ஓவர்லாக் அடிக்கிறவள் வேறு யார் இருக்கிறாள்? நானேதான். கல்யாண கவுன் தைக்க வந்த வெள்ளைத் துணியில் துருப் புள்ளி விழுகிறது என்று நானே ஒரு பை தைத்து, தொட்டி கழுவ வந்தவரிடம் கொடுத்து, தண்ணீர் வெளியே போகிற துளையில் கட்டச் சொல்லியிருக்கிறேன். சுத்தமாக மறந்துபோயிற்று. துணி நன்றாக உழைத்திருக்கிறது என்பதை மட்டும் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தூசைக்கூட விடவில்லை.

பையை எடுத்தபிறகு ஹீட்டர் குப்பென்று பிடித்தது. ஆனால் நீ சொன்னது சரி. கையில் பிடிக்கிற ஷவரைக் கீழே இறக்கினால் வெந்நீர், தலைக்கு மேல் தூக்கினால் அணைந்துவிடுகிறது. பம்ப் தேவைதான்.

இப்போது உன் கதை. நீ பிறந்ததிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவையாவது என் உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறாயா? "கடிதம் கிடைத்தது" என்பாய், உன் பெருமையை அளப்பாய், என்னைக் கிண்டல் செய்வாய், முடித்துவிடுவாய். போன கடிதத்தில் உடம்பு, உடம்பு, உடம்பு. அடியில் 'அன்புத் தம்பி' வேறு. படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடிக் கடைக்குப் போனேன். உன் அத்தான் ஒரு கஸ்டமரின் கண்ணுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "எழுதிட்டீங்களா?" என்றேன். டார்ச் கீழே விழுந்தது. சரி, தெரிந்துவிட்டது. திட்டவில்லை. ஏணியில் ஏறின மனிதரைத் திட்ட மனம் வரவில்லை.

உனக்குத் தெரிந்தது ஒரு வகையில் நல்லதுதான், நேராகப் பேசலாம். ஆறாம் தேதி அறுவை. எனக்குப் பயம் இருக்கிறது. வெட்டுகிறதைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அதற்குப் பிறகு, என் உடம்பை எனக்கு முன்னால் ஊரே பார்த்துவிடும் என்றுதான் பயம். டாக்டர் பார்ப்பார், நர்ஸ் பார்ப்பார், கட்டுப் பிரிக்கிறவர்கள் பார்ப்பார்கள். நான் மட்டும் படுக்கையில் கிடந்து மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வெந்நீரில் நின்று, என் நேரத்துக்கு நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நீ வராதே. நீ வந்தால் நான் தைரியமாக இருக்க வேண்டியிருக்கும். பம்பை அனுப்பு. கிண்டல் செய்தே எழுது, இல்லாவிட்டால் பயமாக இருக்கிறது.

அக்கா

*

அக்டோபர் 8

மேன்மைமிகு மகாராணி அவர்களுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் பிடித்துவிடுகிறாய்.

அத்தானால் ஒரு ரகசியத்தை ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. தண்ணீர்ப் பைப்புக்கு ஓவர்லாக் அடித்த உலகின் முதல் தையல்காரி நீதான். அதை முகாம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை. ஆறாம் தேதி முழுக்க எனக்கு ஒரு நட்டும் ஒழுங்காக மாட்ட வரவில்லை. இதற்கு மேல் எழுதினால் நீ திட்டுவாய்.

லாரி டிரைவரிடம் பார்சல் கொடுத்திருக்கிறேன், வீட்டிலேயே கொண்டுவந்து தருவார். உள்ளே பம்ப் இருக்கிறது. டவுனுக்குப் போய் நானே ஓடவிட்டுப் பார்த்து வாங்கினேன். கூடவே ஒரு பித்தளைச் சல்லடை, அது என் கையால் பட்டறையில் செய்தது. அது உன் சுருக்குப் பைக்குப் பதில். அதைத் தொட்டிக்குள் போடாதே, பால்கனியில் கை எட்டுகிற உயரத்தில் பம்புக்கு முன்னால் மாட்டச் சொல். கையால் திருகினால் கழலும், இடது கையாலேயே. சோதித்துவிட்டேன். மாதம் ஒருமுறை கழுவினால் போதும், இனி அத்தான் ஏணியில் ஏற வேண்டாம்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். தொட்டி, சல்லடை, பம்ப், ஹீட்டர், ஷவர். இதுதான் வரிசை. பம்ப் ஹீட்டருக்கு முன்னால், பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது ஹீட்டரைப் பார்த்து நிற்க வேண்டும். கரண்ட் வேலைக்கு எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், எர்த் இல்லாமல் ஓடவிடக்கூடாது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

பம்ப் கொஞ்சம் சத்தம் போடும். சத்தம் இல்லாத பம்பும் கடையில் இருந்தது. நான் வேண்டுமென்றேதான் இதை எடுத்தேன். உள்ளே நீ என்ன செய்தாலும் வெளியே கேட்காது.

ஸ்பேனர்

*

அக்டோபர் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. முதலில் நல்ல செய்தி. அறுவை நன்றாக முடிந்தது, வேறு எங்கும் பரவவில்லை. இன்னும் சில மாதம் ஊசிகள் உண்டு. உங்கள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த வாரம் தையல் பிரிக்கிறார்கள்.

உங்கள் பார்சல் வந்தது. பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் வந்து வேலை செய்தார்கள். பிளம்பர் அவசரத்தில் பம்பை ஹீட்டருக்குப் பின்னால், வெந்நீர் வருகிற பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது முன்பக்கத் துணி. பின்பக்கத்துல வச்சுத் தைக்காதீங்க" என்று சத்தம் போட்டாள். அறுவைக்குப் பிறகு அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளம்பர், தன்னைத் திட்டியதற்கு நான் ஏன் அழுகிறேன் என்று பயந்துவிட்டார்.

ஓடவிட்டுப் பார்த்தோம். ஷவரைத் தலைக்கு மேல் தூக்கினேன், தீ அணையவில்லை. சட்டையோடு நனைந்துவிட்டேன். நல்ல சூடு.

அத்தான்

*

அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. கையைத் தூக்கினால்தான் வலி, மேசையில் வைத்து எழுதினால் இல்லை.

நேற்றுக் குளித்தேன்.

உன் அத்தான் குளியலறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "கதவத் தட்டக்கூடாது" என்றேன். "தட்டமாட்டேன்" என்றார். "இன்னும் எவ்வளவு நேரம்னு கேக்கக்கூடாது." "கேக்கமாட்டேன்." தாழ்போட்டேன். ஷவரைத் திறந்தேன். உன் பம்ப் உறுமிற்று பார், பால்கனியில் லாரி நிற்கிற மாதிரி. டிக் என்று ஒரே ஒரு சத்தம், குப்பென்று பிடித்துக்கொண்டது. இடது கையால் ஷவரைப் பிடித்தேன். தோளில் விழுந்தது வெந்நீர், அடித்துக்கொண்டு விழுந்தது. இந்த வீட்டில் அப்படித் தண்ணீர் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

முதலில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். பிறகு ஆவி படிந்த முகம் பார்க்கிற கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

தம்பி, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. தட்டையாக இருக்கிறது. அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். உன் பம்ப் என்னைவிடச் சத்தமாக அழுதது. தண்ணீர் தீரவில்லை, யாரும் தட்டவில்லை. அழுகைதான் முதலில் தீர்ந்தது. அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் மெதுவாகக் குனிந்து, பிரித்த தையலின் தடத்தைப் பார்த்தேன், தொழில்காரி கண்ணால். டாக்டர் நன்றாகத்தான் போட்டிருக்கிறார். ஒரே சீர், நெருக்கமான தையல். அக்குள் பக்கம் முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்துச் சுருக்கிவிட்டார். என் கடையில் யாராவது இப்படி முடித்திருந்தால் பிரித்துப் போடச் சொல்லியிருப்பேன். இவருக்குப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்தேன்.

ஷவரை மூடினேன், பம்ப் நின்றது. வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பார், ஆனால் தட்டவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு நானே திறந்தேன். "வாங்க, நீங்களும் பாருங்க" என்றேன். கண்ணாடியைத் தேடினார். மூக்கிலேயேதான் இருந்தது.

லீவு போடு. இப்போது வரலாம். நீ அழுதால் தேற்றுவதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. வரும்போது வெள்ளைச் சட்டையே எடுத்துக்கொண்டு வா, நம் வீட்டுத் தண்ணீரில் துவைத்துத் தருகிறேன்.

அப்புறம், அடுத்த கடிதத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். பதில் வைத்திருக்கிறேன்.

அக்கா